தங்கச்சி கிழித்து வைத்துக்கொண்ட பக்கம்

பார்சல் வந்த நேரத்தில் நான் பட்டறையில் வெல்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் தொழிலில் பாதி திட்டுவது. மீதிப் பாதி லாரிக்குக் கூண்டு கட்டுவது. நாமக்கல்லுக்கு வெறும் சேசிஸாக வரும் வண்டிக்குத் தலையும் உடம்பும் கொடுத்து அனுப்பும் பட்டறைகள் எங்கள் சாலையில் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்றை அப்பா தொடங்கினார், இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். பார்சலின் மேலே தங்கச்சியின் கையெழுத்து. அவள் மெல்போர்னில் இருக்கிறாள். அப்பாவின் முட்டிவலிக்குத் தைலம் அனுப்பியிருப்பாள் என்று நினைத்துப் பிரித்தேன்.

உள்ளே ஒரு இங்கிலீஷ் புத்தகம். கறுப்பு அட்டை. அதில் ஒரு விமானம், அதன் ஜன்னல்களில் ஒன்றில் மட்டும் வெளிச்சம். விமானப் பயணத்தை வைத்து எழுதிய பேய்க்கதைகளின் தொகுப்பு. பதினான்கு பேர் ஆளுக்கொரு கதை எழுதியிருந்தார்கள். ஒருவருக்காவது ரயிலில் பேய் வந்தால் என்ன என்று தோன்றவில்லை.

முதல் பக்கத்தில் தங்கச்சி பேனாவால் எழுதியிருந்தாள்: “பயப்படறவங்கதான் வாசிக்கோணும். ஞாயித்துக்கெழமைக்கு ஒரு கதை, போன்ல.” சந்தேகப்பட்டுக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அந்தத் தாள் இல்லை. அளவுகோல் வைத்துச் சீராகக் கிழித்திருந்தாள். அந்த இடத்தில் மஞ்சள் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது: “கடைசித் தாள் எங்கிட்ட இருக்குது. வந்து வாங்கிக்க.”

எனக்கு வந்த கோபத்தில் வெல்டரை மறந்துவிட்டேன்.

நான் விமானத்தில் ஏறியதில்லை. ஏறப் பயம். இதை எங்கள் சொந்தத்தில் சின்னக் குழந்தைகூட அறியும். இத்தனைக்கும் நான் லாரியிலேயே கவுகாத்தி வரைக்கும் போய் வந்தவன். மலைப்பாதையில் மழையில் வண்டி பின்னால் நழுவியபோது இறங்கி ஓடிச் சக்கரத்துக்குக் கல் வைத்தவன். என் பயமே அந்தக் கல்லில்தான் இருக்கிறது. தரையில் எது போனாலும் இறங்கி ஒரு கல் வைக்கலாம். ஆகாயத்தில் எங்கே போய்க் கல் வைப்பது? இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் எனக்கு ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

தங்கச்சிக்கு ஒரே மகள், ஐந்து வயது. இன்னும் காது குத்தவில்லை. எங்கள் பக்கத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். பிறந்த வருஷம் ஊரடங்கு. பிறகு அம்மா போய்விட்டாள். போன வைகாசியில் தேதி குறித்து, குலதெய்வக் கோயிலில் சொல்லி வைத்து, சமையல்காரருக்கு முன்பணம்கூடக் கொடுத்த பிறகு, கிளம்ப வேண்டிய நாளில் போன் செய்து குழந்தைக்குக் காய்ச்சல் என்றாள். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். ஐப்பசியில் அவளே பேச்சை எடுத்தாள். ஆறு தடவை நான் வந்தாச்சு, இந்த ஒரு தடவை நீ வா, மாமன் மடி இல்லாமல் எம் புள்ளைக்குக் காது குத்த மாட்டேன், நீ வராவிட்டால் அது மூளிக் காதோடயே வளரட்டும் என்றாள். நான் விமானப் படியில் கால் வைக்க மாட்டேன் என்று ஒரே பேச்சாகச் சொன்னேன். இரண்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. அதன் பிறகுதான் தை மாதத்தில் இந்தப் பார்சல்.

கிழித்த தாளைப் பற்றி அவள் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அது எங்கள் இருவருக்கும் முப்பத்தைந்து வருஷப் பழக்கம்.

அப்போதெல்லாம் கூண்டின் முன்பகுதி முழுக்க மரம். ஆசாரிகள் சட்டம் அடித்து முடித்து, கதவும் கண்ணாடியும் மாட்டுவதற்கு முன்னால் நாலைந்து நாள் அந்தக் கேபின் சும்மா நிற்கும். அந்த நாலைந்து நாளும் அது எங்கள் வாசகசாலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு பேரும் ஏறிவிடுவோம். டிரைவர் சீட் இருக்காது, ஒரு பலகையைக் குறுக்கே போட்டுக்கொள்வோம். மரத்தூள் வாசமும் பிரைமர் வாசமும் சேர்ந்து வரும். இன்றைக்கும் பிரைமர் டின்னைத் திறந்தால் எனக்குப் பேய் ஞாபகம்தான் வருகிறது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் பேய் நாவல்களை வாடகைக்கு எடுத்து வருவோம். என்னைவிட நாலு வயது சின்னவள், ஆனால் எந்தப் புத்தகம் என்று முடிவு செய்வது அவள்தான்.

நான் பயந்தாங்கொள்ளி. அவள் வாசிக்க ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொள்வேன். அப்போதுதான் அந்த விதியைக் கொண்டுவந்தாள். எட்டு வயதுப் பிள்ளை சொன்ன நியாயம் அது: கேட்கிறவர்களுக்குத்தான் பயம் அதிகம், வாசிக்கிறவர்களுக்கு அடுத்த வரி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், அதனால் பயப்படுகிறவர்தான் வாசிக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து எல்லாப் பேயும் என் வாய் வழியாகத்தான் வந்தது. நான் கிழவி குரலில் வாசித்தால் அவள் பலகையில் உருண்டு சிரிப்பாள். அவள் சிரித்தால் எனக்குப் பயம் போய்விடும்.

என்னிடம் ஒரு கெட்ட குணம் இருந்தது. பயம் தாங்காமல் முதலிலேயே கடைசிப் பக்கத்தைப் படித்துவிடுவேன். படித்ததை வயிற்றில் வைத்திருக்கவும் மாட்டேன், பாதிக் கதையில் உளறிவிடுவேன். அவள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். நாவல் கைக்கு வந்ததும் கடைசித் தாளைக் கிழித்து ஒளித்துவிடுவாள். மற்றதெல்லாம் வாசித்து முடித்த பிறகுதான் அது வெளியே வரும். அப்புறம் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிக் கடையில் கொடுப்போம். கடைக்காரர் ஒட்டைப் பார்ப்பார், எங்களைப் பார்ப்பார், அடுத்த நாவலை எடுத்துத் தருவார்.

ஒரு தடவை மட்டும் தாள் திரும்பி வரவில்லை. பாழுங்கிணற்றுக்குள் தினமும் விளக்கு எரியும் கதை. யார் ஏற்றுகிறார்கள் என்பது கடைசித் தாளில். அதைக் கேபினின் கூரைப் பலகைக்கு நடுவில் சொருகி வைத்திருந்தாள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் லாரி இல்லை. அதன் சொந்தக்காரரான சங்ககிரிக்காரர் ஒரு நாள் முன்னதாகவே வந்து பூஜை போட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். புது வண்டி முதலில் நகரும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து அதன் மேல் ஏற்றுவது வழக்கம். எங்கள் வாசகசாலை நின்ற இடத்தில் நசுங்கின பழங்கள்தான் கிடந்தன. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். விளக்கை ஏற்றியது யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கடைக்காரர் அதற்குப் பிறகு எங்களுக்குப் பேய்க்கதை தரவில்லை. சமையல் குறிப்புப் புத்தகத்தை நீட்டினார்.

ஆகவே கோபம் கோபமாக இருந்தாலும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டேன். எங்களுக்குக் காலை என்றால் அவளுக்கு மதியம். இங்கிலீஷை அப்படியே வாசித்தால் எனக்கே தூக்கம் வரும் என்பதால் நம்ம பேச்சில் சொன்னேன். முதல் கதையில் ஒருவன் தனியாகப் பயணம் செய்கிறான். பக்கத்துச் சீட் காலி. ஆனால் சாப்பாடு எப்போதும் இரண்டு தட்டாக வருகிறது. என் கதையில் விமானப் பணிப்பெண் திருச்செங்கோட்டுக்காரி. “ஏனுங்க, பக்கத்துல இருக்கறவரு எழுந்திரிச்சா காப்பி வேணுமான்னு கேட்டு வைங்க” என்று அவள் சொன்ன இடத்தில் தங்கச்சி சிரித்த சிரிப்பில் போனில் வேறு ஒன்றுமே கேட்கவில்லை, கீச்சுச் சத்தம் மட்டும் வந்தது. இரண்டு மாதப் பேச்சில்லாமை அங்கே முடிந்தது.

மூன்றாவது வாரம் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். எழுபத்தெட்டு வயதில் அவருக்குப் பேய்க்கதை பிடித்துப்போனது. விமானத்தில் பேய் இருக்கிறது என்று விமானிக்குத் தெரிந்த பிறகும் ஏன் ஓட்டிக்கொண்டே போகிறான், ஓரங்கட்டி நிறுத்த வேண்டியதுதானே என்று கேட்டார். ஆகாயத்தில் ஓரம் கிடையாதுங்கப்பா என்றேன். அப்படிப்பட்ட வண்டியை எவன் பாஸ் பண்ணினான் என்றார். என் பயம் எங்கிருந்து வந்தது என்று என் மனைவிக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

ஒரு விஷயத்தை நான் கவனித்தும் கவனிக்காத மாதிரி விட்டுவிட்டேன். எந்தக் கதையாக இருந்தாலும் விமானம் குலுங்கும் இடத்தில் தங்கச்சி சிரிப்பதை நிறுத்திவிடுவாள். பேய் யார், செத்தவன் யார் என்பதெல்லாம் அவளுக்கு இரண்டாம்பட்சம். கதை முடிந்ததும், “கீழ எறங்குச்சாண்ணா?” என்று கேட்பாள். என்னைக் கேலி செய்கிறாள் என்றே நினைத்தேன். அவள் எதற்கும் பயப்படாதவள் என்பது எங்கள் வீட்டில் திருக்குறள் மாதிரி மாற்ற முடியாத விஷயம்.

ஆறு தடவை வந்தாள் என்றேன். அதில் ஐந்தாவது தடவை அம்மா போனபோது. குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பி வந்தாள். அம்மாவின் வருஷத் திதிக்கு வந்த ஆறாவது தடவையும் அப்படித்தான். அந்த ஐந்தாவது தடவை, அம்மாவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். நான்தான் திருச்சிக்குப் போய் அழைத்து வந்தேன். முசிறி தாண்டித் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்க விரித்த உள்ளங்கையில் பிறை பிறையாகச் சிவந்த தடங்கள் இருந்தன. அம்மாவுக்காகக் கையை இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் பிடிக்கவில்லை.

பதினான்காவது கதை சித்திரையில் வந்தது. ஒரு பெண் விமானத்தில் கழிவறைக்குப் போய்விட்டுத் தன் இடத்துக்குத் திரும்புகிறாள். இடம் வரவில்லை. வரிசை வரிசையாக நடக்கிறாள், சீட் நம்பர் ஏறிக்கொண்டே போகிறது. எல்லோரும் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள், யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. விமானம் குலுங்க ஆரம்பிக்கிறது. நடந்து நடந்து கால் ஓய்ந்து அழப்போகிற நேரத்தில், ரொம்ப தூரத்தில் ஒரு சீட்டிலிருந்து யாரோ கை தூக்கி, இங்கே வா என்கிற மாதிரி அசைக்கிறார்கள். அங்கே பக்கம் முடிந்துவிட்டது. அடுத்து மஞ்சள் சீட்டு.

அவ்வளவுதான் சாமி, மீதி உங்கிட்ட என்றேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. எனக்கு அந்த அமைதி தெரியும். நான் வாசித்து முடித்து, தாளை எங்கே ஒளித்தாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது கேபினுக்குள் இருக்கும் அமைதி.

“வரியாண்ணா?” என்றாள்.

“வாரேன்” என்றேன்.

பயம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பதினான்கு விமானங்களை வாசித்ததில் பயம் பதினான்கு மடங்காகியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை. ஆறு தடவை அவள் கடல் தாண்டி வந்திருக்கிறாள். நான் திருச்சி வரை போய் அழைத்து வந்ததையே பெரிய சாதனையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் வீட்டுக் கதவு என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியாது.

மகன் ப்ளஸ் டூ போவதால் மனைவி வரவில்லை. மாமன் சீராகப் பட்டுப் பாவாடை, தங்கத் தோடு, தட்டு, குங்குமம் எல்லாம் அவள் எடுத்துக் கட்டினாள். தேங்காய் பழமெல்லாம் அந்த ஊரில் விட மாட்டார்கள், ஒரு விதைகூட வரக்கூடாது என்று தங்கச்சி பத்துத் தடவை சொல்லியிருந்தாள். அதனால் அதெல்லாம் வைக்கவில்லை. அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்பா திருச்சி வரைக்கும் கூடவே வந்தார். விமான நிலைய வாசலில் பெட்டியை இறக்கி உருட்டப் போனேன். “இரு சாமி” என்று தடுத்தார். வேட்டி மடியிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்தார்.

“பெட்டிக்கும் சக்கரம் இருக்குதில்ல?”

விமானத்துச் சக்கரத்துக்கு வைக்க விட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் பெட்டியோடு திருப்திப்பட்டுக்கொண்டார். குனிய முடியாமல் குனிந்து நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வைத்தார். சக்கரமோ பட்டாணி அளவு. நான் தள்ளினேன், பெட்டி பழத்தின் மேல் ஏறாமல் குப்புற விழுந்தது. மறுபடி நிமிர்த்தினோம். இந்தத் தடவை பழம் உருண்டு காவலுக்கு நின்றவரின் பூட்ஸ் வரைக்கும் போனது. எனக்கு மானம் போனது. பக்கத்தில் ராசிபுரத்துக் குடும்பம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தது. சிரிக்கப் போகிறார்கள் என்று முறைத்தேன். அந்த வீட்டுப் பெரியவர் கிட்டே வந்து, எங்களுக்கும் நாலு பழம் இருக்குமா என்று அப்பாவிடம் கேட்டார். கடைசியில் இரண்டு பேருமாகச் செருப்புக் காலால் பழங்களைப் பாதி நசுக்கி வைத்து, இரண்டு வீட்டுப் பெட்டியையும் ஏற்றி இறக்கினார்கள்.

உள்ளே போகும் முன்னால் அப்பா என் சட்டைக் காலரைச் சரி செய்தார். “அப்பா எப்டி இருக்கறாருன்னு கேட்டா நல்லா இருக்கறாருன்னு சொல்லு. வரச் சொல்லிக் கேக்காத. போன தடவையே வர முடியாம புள்ள ரொம்பச் சங்கடப்பட்டுது.” நான் சரிங்கப்பா என்றேன். அவர் எத்தனை ஆசையை மென்று விழுங்கிவிட்டு அதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் நின்றால் அழுதுவிடுவேன் என்று உள்ளே நடந்தேன்.

விமானத்தில் எனக்கு ஜன்னல் ஓரம். பக்கத்தில் ஒரு அம்மாள். நான் தெம்புக்காகப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தேன். அந்த அம்மாள் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பணிப்பெண்ணைக் கூப்பிட்டு வேறு இடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆக என் பக்கத்துச் சீட்டும் காலி. முதல் கதை மாதிரியே. சாப்பாடு வந்தபோது எத்தனை தட்டு என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்றுதான். அப்படியொரு நிம்மதி.

ஆனால் அதற்கு முன்னால், வண்டி ஓடி ஓடித் தரையை விட்ட அந்த நிமிஷம் இருக்கிறதே, அதை எந்தக் கதையிலும் எவனும் சரியாக எழுதவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கிணற்றில் விளக்கேற்றியது யார் என்று முப்பத்தைந்து வருஷமாக நாங்கள் கட்டிவிட்ட முடிவுகளை ஒவ்வொன்றாக முணுமுணுத்தேன். சிங்கப்பூரில் இறங்கியபோது கையைப் பார்த்தேன். உள்ளங்கையில் நகம் பதிந்து பிறை பிறையாகச் சிவந்திருந்தது. எங்கோ பார்த்த தடம் என்று தோன்றியது. எங்கே என்று அப்போது பிடிபடவில்லை.

மெல்போர்ன் சோதனையில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். எனக்கென்ன, ஒரு விதைகூட இல்லை என்று தைரியமாகத் திறந்தேன். பட்டுப் பாவாடைக்கு நடுவே, மஞ்சள் துணியில் சுற்றி, முழுசாக ஒரு எலுமிச்சம்பழம். யாருடைய வேலை என்று சொல்ல வேண்டியதில்லை. அது எதற்கு என்று அந்த அதிகாரி கேட்டார். சமையலுக்கா என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், விமானம் விழாமல் இருக்க என் அப்பா வைத்தது என்று சொன்னேன். அவர், விமானம்தான் இறங்கிவிட்டதே, இனி இது வேண்டாம் இல்லையா என்று சொல்லிக் கையுறையால் எடுத்துத் தொட்டியில் போட்டார். இனிமேல் இப்படிக் கொண்டு வரக்கூடாது என்று எச்சரித்து விட்டுவிட்டார். நல்ல மனுஷன்.

தங்கச்சி வீட்டுக் கதவு நீல நிறம்.

இரண்டு நாள் கழித்து, காது குத்தும் கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணை வீட்டுக்கே வரவழைத்திருந்தாள். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பாவாடை கட்டிக்கொண்டு மருமகள் வந்து என் மடியில் ஏறினாள். இரண்டு நாள் முன்புவரை என்னைப் போனில் மட்டும் பார்த்த குழந்தை. மடியில் உட்கார்ந்ததும் என் பெருவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஒரு காது குத்தும்வரை அழவில்லை, ஆச்சரியமாகப் பார்த்தது. இரண்டாவது காதுக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டதால் கத்தித் தீர்த்துவிட்டது. அதோடு சேர்ந்து நானும் அழுதேன். போனில் அப்பா வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் தெரியவில்லை, கூரையும் மின்விசிறியும்தான் தெரிந்தன. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

வந்தவர்கள் சாப்பிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை குழந்தையைத் தூங்க வைக்க எடுத்துப் போனார். சமையலறையில் நானும் தங்கச்சியும் மட்டும். எங்கே தாள் என்றேன். சீரகம் போட்டு வைக்கும் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு உறையை எடுத்தாள். உறை ஒட்டியபடியே இருந்தது.

“நீ படிக்கலையா?”

“நீயில்லாம எப்டிப் படிக்கறது?”

நான் கையை நீட்டினேன். பயப்படுகிறவர் வாசிக்க வேண்டும், அந்த வீட்டில் அது நான்தான். அவள் தாளைத் தரவில்லை. உறையைப் பிரித்து, தாளைத் தன் பக்கமே திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

“நாந்தாண்ணா வாசிக்கோணும்.”

உனக்கென்ன பயம், ஆறு தடவை ஆகாயத்தில் வந்தவள், என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“ஆறு தடவையும் பயந்துட்டேதான் வந்தேன். ஒவ்வொரு தடவையும் செத்துப் பொழச்சுதான் எறங்குவேன். அம்மாவுக்கு வந்தப்ப அம்மாவ நெனைக்கக்கூட முடியல, இது கீழ எறங்கோணும், எறங்கோணும்னுதான் இருந்துச்சு. அத யாருகிட்டச் சொல்றது?”

அவள் உள்ளங்கையில் பார்த்த தடம் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

போன வைகாசியில் குழந்தைக்குக் காய்ச்சல் இல்லையாம். விமான நிலையம் வரைக்கும் போயிருக்கிறாள். விமானத்துக்குள் ஏற அழைத்தபோது எழுந்திருக்கக் கால் வரவில்லை. குழந்தையை அணைத்துக்கொண்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்து, விமானம் போன பிறகு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள். அப்பாவிடம் பொய் சொன்னதை நினைத்து அழுதாள். பயப்படுகிறவர்தானே வாசிக்க வேண்டும் என்று தனக்காகத்தான் இந்தப் புத்தகத்தை வாங்கியிருக்கிறாள். இரண்டு பக்கத்துக்கு மேல் முடியவில்லை. அண்ணன் வாசித்தால் சிரிப்பு வரும், சிரித்தால் சரியாகப் போகும் என்று எனக்கு அனுப்பினாள். அவள் சிரித்தால் என் பயம் போனது எனக்குத் தெரியும். என் கிழவிக் குரலில் போனது யார் பயம் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. நாற்பத்தேழு வயதில், அவளுடைய சமையலறையில் நின்றுகொண்டு, எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். என்னைப் போலவே நம்ம பேச்சில் சொன்னாள். மொத்தம் ஒன்பது வரிதான். அந்தப் பெண் ஓடி ஓடித் தன் வரிசைக்கு வந்து சேருகிறாள். கை அசைத்தது யார் என்று பார்த்தால் அவளேதான், வயது கூடியவளாக அங்கே உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான் முடிவு. சப்பென்று இருந்தது. இதற்கா கடல் தாண்டி வந்தேன் என்றேன். பஸ் ஸ்டாண்டு நாவலில் இதைவிட நல்ல முடிவாகப் போடுவார்கள் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். தாளைப் புத்தகத்தில் அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். அடுப்பில் மீந்திருந்த சோற்றிலிருந்து நாலு பருக்கை எடுத்து நசுக்கி அவள் ஒட்டினாள்.

ஒட்டியது காயும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வரச் சொல்லிக் கேட்காதே என்று அப்பா சொன்னது என் நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தது. நான் கேட்கவில்லை.

“ஏண்ணா, நீ போற விமானத்துல உன்ற பக்கத்துல ரெண்டு சீட்டுக் கெடைக்குமா?” என்றாள்.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கிடைக்கும் என்றேன். கழுவிக் கவிழ்த்த தட்டையே மறுபடியும் எடுத்துக் கழுவினேன்.

கிளம்புகிற நாளில் கடைக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தோம். என் பெட்டிக்கு நாலு, அவளுக்கு நாலு. குழந்தையின் பெட்டிக்கு இரண்டு சக்கரம்தான், ஆனாலும் தனக்கும் நாலு வேண்டும் என்று அது அடம்பிடித்ததால் பன்னிரண்டாக வாங்கினோம். நீலக் கதவுக்கு வெளியே பழங்களை வரிசையாக வைத்தோம். மூன்று பெட்டியும் ஏறவில்லை, குப்புற விழுந்தன. நான் செருப்புக் காலால் ஒவ்வொன்றாக நசுக்கினேன். பிறகு பெட்டிகளை ஏற்றி இறக்கினோம்.